இந்தியாவில் பிரெஞ்சுப் பேராசிரியர் ஆவது எப்படி: மொழி வகுப்பிலிருந்து பல்கலைக்கழகத் துறை வரை ஒரு முழு வழிகாட்டி

பிரெஞ்சு படிக்கிறேன் என்று சொன்னால் மூன்று வேலைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: மொழிபெயர்ப்பு, கம்பெனியில் பிரெஞ்சு வாடிக்கையாளர் சேவை, பள்ளிக்கூட ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் போய், பிரெஞ்சு மொழியையும் பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சில் எழுதப்பட்ட இலக்கியத்தையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இடங்கள் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பாதையில் பலர் நின்றுபோவது இடம் இல்லாததால் மட்டுமல்ல. மொழிச் சான்றிதழ் இருக்கும், இலக்கியம் படித்திருக்க மாட்டார்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வைத் தேறியிருப்பார்கள், பத்து நிமிடம் தொடர்ந்து பிரெஞ்சில் பேச வராது. மொழி, இலக்கியம், கற்பித்தல் மூன்றையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்துச் சேர்த்து வளர்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது.

முதல் படி: வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பிரெஞ்சில் எம்.ஏ., பிஎச்.டி. நடத்தும் துறைகள் ஒரு வகை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுக்கென்றே தனி மையம் இருக்கிறது, அதன் பெயரிலேயே பிராங்கோபோன் ஆய்வுகளும், அதாவது பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சு பேசும் நாடுகளைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. ஹைதராபாத்தின் இஃப்லு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிக் மற்றும் ரொமான்ஸ் ஆய்வுத் துறை, பனாரஸ், மும்பை, புனே ஆகியவையும் இந்த வகைதான். நம் பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும். இங்கெல்லாம் ஒரு இடம் காலியானால் நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பம் வரும்.

இரண்டாவது வகை, கலை அறிவியல் கல்லூரிகள். தமிழ்நாட்டில் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் பகுதி 1 மொழியாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சை எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருப்பதால், பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இந்த ஊரில் பிரெஞ்சுக் கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, பொறியியல் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும். அங்கே அயல்மொழி விருப்பப் பாடமாக அடிப்படைப் பிரெஞ்சு நடக்கும், இலக்கியத்துக்கு வேலை அவ்வளவாக இருக்காது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்.ஏ. படிக்கும்போது எல்லோருக்கும் மனதில் இருப்பது செனெகல் கவிதையும் அல்ஜீரிய நாவலும். வேலைக்குப் போனதும் கையில் கிடைப்பது, அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு பி.காம். வகுப்பில் 'என் பெயர், என் ஊர்' என்று தொடங்கும் ஏ1, அதாவது தொடக்க நிலைப் பாடம். அந்த வகுப்பை நேசிக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்த வேலை நிலைக்கும். பல்கலைக்கழகத் துறையில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அங்கேயும் டிப்ளமோ வகுப்புகளை இளையவர்கள் தலையில்தான் முதலில் கட்டுவார்கள்.

இரண்டாம் படி: மொழியை சி1 வரை கொண்டுபோங்கள்

டெல்ஃப், டால்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுகளின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடக்கமான ஏ1-லிருந்து உச்சமான சி2 வரை ஆறு நிலைகள்: ஏ1 முதல் பி2 வரை டெல்ஃப், சி1, சி2 இரண்டும் டால்ஃப். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் பெயரில் வரும் இந்தச் சான்றிதழ்களுக்குக் காலாவதி கிடையாது. டி.சி.எஃப். என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வின் முடிவோ இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் வேலைக்கென்று வாங்குகிறவர்கள் டால்ஃப் வாங்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு நிலையிலும் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. டெல்ஃபிலும் டால்ஃப் சி1-லும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக 25க்கு 5-க்குக் குறையக் கூடாது.

பி2 வரைக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையத்தின் வகுப்பே போதும். சென்னையில் 1953-லிருந்தும் புதுச்சேரியில் 1889-லிருந்தும் அது இருக்கிறது. பி2-விலிருந்து சி1-க்கு ஏறுவதுதான் கஷ்டம், அங்கே வகுப்பு மட்டும் கைகொடுக்காது. சி1 தேர்வில் பல கட்டுரைகளைப் படித்து ஒரே தொகுப்பாகச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். உங்கள் கருத்தை ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது, கட்டுரைகளின் சொற்களையும் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. இந்தப் பயிற்சியைத் தேர்வுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், பின்னால் ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது செய்வதும் இதே வேலைதான். தினமும் ஒரு பிரெஞ்சு வானொலி நிகழ்ச்சி, வாரம் ஒரு கட்டுரைச் சுருக்கம் என்று ஒரு வருடம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

உதவிப் பேராசிரியர் வேலைக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் டால்ஃப் கட்டாயம் இல்லை. ஆனாலும் எம்.ஏ. முடிக்கும் முன் சி1 வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். நேர்முகத் தேர்வு பெரும்பாலும் பிரெஞ்சில் நடக்கும், அங்கே வாய் திறந்த இரண்டாவது நிமிடத்தில் உங்கள் நிலை தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பட்டம்

ஜே.என்.யு. போன்ற இடங்களில் பி.ஏ. பிரெஞ்சை அகர முதல் எழுத்திலிருந்து தொடங்கலாம், முன் அனுபவம் தேவையில்லை. சென்னையில் லயோலா கல்லூரியில் பி.ஏ. பிரெஞ்சு உண்டு, புதுச்சேரி அரசுக் கல்லூரிகளிலும் உண்டு. வேறு பாடத்தில் இளங்கலை முடித்துவிட்டு வருகிறவர்களும் கவலைப்பட வேண்டாம்: சில துறைகள் எந்தப் பட்டத்தோடும் பி2 நிலையோ பிரெஞ்சு டிப்ளமோவோ இருந்தால் எம்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும். விதி துறைக்குத் துறை மாறும் என்பதால் அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். ஜே.என்.யு., புதுவை போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வு வழியாகத்தான் போக வேண்டும்.

எம்.ஏ.வில் 55 சதவீதம் கட்டாயம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் (கிரீமி லேயர் அல்லாதவர்), மாற்றுத்திறனாளிகளுக்கு 50. 54.8 எடுத்து மாட்டிக்கொண்டால் பிறகு வழியில்லை, அந்த ஒரு எண்ணை இரண்டு வருடமும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இலக்கியத்தை மூலத்தில் படியுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் தவறவிடுவது இங்கேதான். வழிகாட்டி நூல்களிலிருந்து சுருக்கத்தையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து எம்.ஏ. முடித்துவிட முடியும். நெட்கூட தேறலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர் 'கடைசியாக எந்த நாவலை முழுதாகப் பிரெஞ்சில் படித்தீர்கள், அதில் எந்த இடம் பிடித்தது?' என்று கேட்டால் அந்தப் படிப்பு கைவிட்டுவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் பள்ளியிலிருந்தே செய்யும் 'எக்ஸ்ப்ளிகேஷியோன் த தெக்ஸ்த்' என்ற உரை விளக்கப் பயிற்சியைப் பழகுங்கள். ஒரு நாவலிலிருந்து இருபது வரி எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் வாய்விட்டு, நிறுத்தம் சரியாக விழும்படி வாசிக்க வேண்டும். அந்தப் பகுதி கதையில் எங்கே வருகிறது, யார் யாரிடம் பேசுகிறார், காலம் எந்த இடத்தில் மாறுகிறது, வாக்கியம் எங்கே நீண்டு எங்கே சுருங்குகிறது என்று குறித்துக்கொண்டு, இருபது வரியையும் இரண்டு மூன்று நகர்வுகளாகப் பிரித்து, வரிவரியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது. முதல் தடவை மூன்று நிமிடத்தில் பேச ஒன்றுமில்லாமல் போகும். பரவாயில்லை, அடுத்த வாரமும் அதே பகுதியை எடுங்கள்.

பிரான்சின் இலக்கியத்தை இடைக்காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் பிராங்கோபோன் பக்கம். 1930களில் பாரிஸில் மாணவர்களாகச் சந்தித்த செனெகலின் செங்கோர், மார்த்தினிக்கின் செசேர், பிரெஞ்சு கயானாவின் தமாஸ் மூவரிடமிருந்து பிறந்த, கறுப்பின அடையாளத்தைப் பெருமையோடு முன்வைத்த நெக்ரித்யூத் இயக்கம், அல்ஜீரிய, மொராக்கோ, துனிசிய எழுத்து, 1960களின் 'அமைதிப் புரட்சி' என்ற சமூக மாற்றத்துக்குப் பிறகான கனடாவின் கியூபெக், கரீபியத் தீவுகள், இந்தியப் பெருங்கடல். அல்ஜீரியாவின் அசியா ஜெபார் 2005-ல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது வெறும் தேர்வுக்கான தகவல் இல்லை. காலனியாட்சிக்கு உட்பட்ட நாட்டில் பிறந்த ஒருவர் ஆட்சியாளரின் மொழியிலேயே எழுதி, அந்த மொழியின் காவல் சபைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது எப்படி என்ற கேள்வி பிராங்கோபோன் பாடம் முழுக்க ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர்களைப் பற்றி நாம் ஏற்கெனவே நிறையச் சண்டை போட்டிருப்பதால், நம் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஐந்தாம் படி: நெட்

தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடத்துகிறது. ஒரே அமர்வில் மூன்று மணி நேரம், கணினியில். முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பு இல்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். இரண்டாம் தாள் முழுக்கப் பிரெஞ்சில் வரும். இலக்கிய வரலாறு, பிராங்கோபோன் இலக்கியம், மொழியியல், மொழிபெயர்ப்பு, அயல்மொழியாகப் பிரெஞ்சு கற்பித்தல் எல்லாமே கலந்திருக்கும்.

பிரெஞ்சு மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் முதல் தாளில். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். கற்பித்தல் திறன், தர்க்கம், புள்ளிவிவரப் பட்டியல் படித்தல், உயர்கல்வி அமைப்பு என்று பத்து அலகு. இரண்டு தாளின் மதிப்பெண்ணும் கூட்டித்தான் தரவரிசை, தேர்வு எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி. எனவே தர்க்கக் கணக்குக்கு இரண்டு மாதம் ஒதுக்குவது வீண் வேலை இல்லை.

நெட்டில் முன்னணியில் வருகிறவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிரெஞ்சு போன்ற பாடத்தில் ஆய்வு செய்ய வேறு பண உதவி கிடைப்பது அரிது என்பதால் இதற்கே குறி வையுங்கள். இதற்கு வயது வரம்பு உண்டு, உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் கிடையாது. 2024 ஜூனிலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு மட்டும் செல்லும், ஆசிரியர் தகுதியோ ஆயுளுக்கும் செல்லும்.

ஆறாம் படி: பிஎச்.டி., தலைப்பு, கைடு

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நியமனத்துக்குப் பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும் என்று விதி. இதைக் கேட்டுப் பிஎச்.டி.யைத் தள்ளிப்போட வேண்டாம். 2018 யு.ஜி.சி. விதிமுறையின்படி, பல்கலைக்கழக வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப் போடும் மதிப்பெண் கணக்கில் பிஎச்.டி.க்கு மட்டும் 30. ஜே.ஆர்.எஃப்.போடு நெட்டுக்கு 7, வெறும் நெட்டுக்கு 5. கல்லூரி வேலைக்கான கணக்கில் பிஎச்.டி. 25, நெட்டுக்கு 8 அல்லது 10. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கல்லூரிக்கு நெட்டோடு முயலலாம், பல்கலைக்கழகத் துறை வேண்டுமென்றால் பிஎச்.டி. இல்லாமல் பட்டியலில் பெயர் வருவது கடினம்.

குறைந்தது மூன்று ஆண்டு, முதலில் கோர்ஸ் ஒர்க், பிறகு ஆய்வு, பெரும்பாலான துறைகளில் பிரெஞ்சிலேயே ஆய்வேடு. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். யாரிடம் இடம் காலியாகிறது என்று எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே விசாரியுங்கள்.

தலைப்பு விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. பாரிஸில் ஆயிரம் பேர் எழுதித் தீர்த்த ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரைப் பற்றி ஆயிரத்தோராவது ஆய்வேடு நீங்களும் எழுத வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த பிரெஞ்சு மாணவருக்கு மட்டும் திறக்கும் கதவுகள் இருக்கின்றன. பிரான்ஸ் 1848-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியது இங்கே, புதுச்சேரியிலும் காரைக்காலிலும். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் கரீபியத் தீவான குவாதலூப்பில் இறக்கிய ஒப்பந்தக் கூலிகளின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் தமிழ் வழி வந்தவர்களை மலபார் என்று அழைக்கிறார்கள். மொரிஷியஸ் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் அங்கே இலக்கியம் பிரெஞ்சில் செழித்தது. அந்தத் தீவின் கவிஞர் கால் தொராபுலி 'கூலித்யூத்' என்ற, ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றையும் அடையாளத்தையும் பற்றிய கருத்தை முன்வைத்தார். இந்தத் தீவுகளின் பிரெஞ்சு எழுத்தில் வரும் கோயில், தீமிதி, மாரியம்மன் எல்லாம் பாரிஸ் ஆய்வாளருக்கு அடிக்குறிப்பு, நமக்கோ தெரிந்த உலகம்.

மொழிபெயர்ப்பும் அப்படித்தான். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து எழுதிய தமிழ் நாட்குறிப்பையும் அதே காலத்துப் பிரெஞ்சு ஆவணங்களையும் அருகருகே படிக்க இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் தேவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும், 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகமும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன.

ஏழாம் படி: படிக்கும்போதே சொல்லிக்கொடுங்கள்

மதிப்பெண் கணக்கில் ஒவ்வோர் ஆண்டுக் கற்பித்தல் அனுபவத்துக்கும் 2, அதிகபட்சம் 10. ஆய்வுக் கட்டுரைக்கும் ஒன்றுக்கு 2, பல்கலைக்கழகக் கணக்கில் அதிகபட்சம் 10. கெஸ்ட் லெக்சரர் வேலைக்குப் போகும்போது நியமன ஆணை, பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் எழுத்தில் வாங்கி வையுங்கள். கடிதம் இல்லாத அனுபவத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கல்லூரி நிர்வாகம் மாறிவிட்டால் பிறகு தேடிப்பிடிப்பதும் பெரிய அலைச்சல். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். யு.ஜி.சி. ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று நிர்ணயித்திருந்தாலும் பல இடங்களில் அதில் பாதிகூட வருவதில்லை, இது இந்தத் துறையில் எல்லோரும் பேச வேண்டிய அநியாயம். அதனால் இந்த வேலையை முடிவில்லாமல் நீட்டாதீர்கள், ஆய்வேடு நின்றுபோகும்.

பிரான்சுக்குப் போய்வர விரும்புகிறவர்களுக்கு ஆங்கில உதவி ஆசிரியர் திட்டம் நல்ல வழி: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம் அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலம் பேசப் பழக்க வேண்டும், உதவித்தொகை கிடைக்கும். உங்கள் பிரெஞ்சு அங்கே தானாகவே அவிழ்ந்துவிடும்.

எட்டாம் படி: நேர்முகத் தேர்வும் மாதிரி வகுப்பும்

அந்த மதிப்பெண் கணக்கெல்லாம் உள்ளே அழைப்பதற்கு மட்டும்தான். அழைத்த பிறகு தேர்வு செய்வது நேர்முகத் தேர்வில் நீங்கள் செய்வதை வைத்து. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

மாதிரி வகுப்பு கேட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். சாப்பாட்டுப் பொருள்களோடு வரும் 'தியு, த லா' என்ற பகுதிச் சுட்டிகளை ('கொஞ்சம்' என்ற பொருளில் பெயருக்கு முன் வருபவை) எடுக்கச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் செய்வது, பலகையில் நான்கு கட்டம் போட்டு ஆண்பால், பெண்பால், பன்மை என்று ஆங்கிலத்தில் விளக்குவது. தேர்வுக் குழுவுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதற்குப் பதில் ஒரு சந்தைப் படத்தைக் காட்டி, மெதுவான எளிய பிரெஞ்சில் 'ஜஷெத் தியு பேன், தியு லே, த லோ' என்று சொல்லிக்கொண்டே ரொட்டியையும் பாலையும் தண்ணீரையும் சுட்டுங்கள். எதிரே இருக்கும் பேராசிரியரையே 'நீங்கள் என்ன வாங்குகிறீர்கள்?' என்று பிரெஞ்சில் கேளுங்கள். இரண்டு மூன்று பதில் வந்த பிறகு விதியை ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு 'எனக்குப் பால் வேண்டாம்' என்று எதிர்மறையாக்கி, அங்கே 'தியு' போய் 'த' வருவதைக் காட்டி முடியுங்கள். தமிழில் இப்படிப்பட்ட சுட்டியே இல்லாததால் நம் மாணவர்கள் அதை விழுங்கிவிடுவார்கள், அதற்கு என்ன பயிற்சி வைப்பீர்கள் என்றும் கேட்கலாம். அதற்குப் பதில் கையில் இருந்தால் நீங்கள் உண்மையில் வகுப்பெடுத்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: உள்ளே போன பிறகு

உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, மற்ற படிகள் தனி. பிஎச்.டி. இருந்தால் நான்கு ஆண்டில் அடுத்த நிலைக்கு, இல்லையென்றால் ஆறு. இணைப் பேராசிரியராக நேரடியாக விண்ணப்பிக்கப் பிஎச்.டி., எட்டு ஆண்டு அனுபவம், ஏழு கட்டுரை. பேராசிரியருக்குப் பத்து ஆண்டு, பத்துக் கட்டுரை. கருத்தரங்குகளுக்கு இந்தியப் பிரெஞ்சு ஆசிரியர் சங்கத்தின் கூட்டங்கள் நல்ல தொடக்கம்.

வெளிநாட்டுப் பாதையைப் பற்றி

பிரான்சில் மூன்றாண்டு ஆய்வு ஒப்பந்தம் கிடைத்தால் சம்பளத்தோடு பிஎச்.டி. செய்யலாம். இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் பதிவு செய்து இரண்டு கைடுகளோடு செய்யும் 'கோத்யுதேல்' முறையும் உண்டு. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. என்றால் இந்தியாவில் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியருக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் சேரும் முன்பே தரவரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டம் வாங்கிய பிறகு சமநிலைச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

அங்கேயே ஆசிரியராக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான வித்தியாசம். பள்ளி ஆசிரியருக்கான காப்பெஸ், அக்ரெகாஷியோன் பொதுப் போட்டித் தேர்வுகளுக்குப் பிரெஞ்சு அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். பல்கலைக்கழகத்தின் மேத்ர் த கொன்ஃபெரான்ஸ் என்ற நிரந்தர ஆசிரியர் பதவிக்கு அது தேவையில்லை, தேசியப் பல்கலைக்கழகக் குழுவின் தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் எந்த நாட்டவரும் போட்டியிடலாம். பிரெஞ்சு இலக்கியம் ஒன்பதாம் பிரிவு, ஒப்பிலக்கியம் பத்தாம் பிரிவு. தமிழையும் பிரெஞ்சையும் சேர்த்து ஆய்வு செய்தவர்கள் பத்தாம் பிரிவையும் சேர்த்து விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ இந்த இரண்டு கதவுமே திறந்திருக்கிறது, அவர்கள் அக்ரெகாஷியோனையும் எழுதிப் பார்க்கலாம்.